புல்லாங்குழல்காரரின் மூச்சு

கோயம்புத்தூர் மில் முதலாளி ராஜரத்தினம் வீட்டு ஹாலில், ஆளுயர ஸ்பீக்கர்களில் இணையப் பாட்டை உயர்தரத்தில் ஒலிக்கவைக்க வந்திருந்தாள் ஸ்பீக்கர் கடைப் பெண் தஸ்லிமா.

"குழல்காரர் ஊதுறதுக்கு முன்னாடி மூச்சிழுக்கிறதே கேக்கோணும். கேக்கலைன்னா உன் வேலை காலி!" என்றார் முதலாளி.

பாட்டு ஆரம்பித்தது. முதலாளியோ விருந்தாளிகளிடம் ஸ்பீக்கர் பெருமை பேசுவதை நிறுத்தவேயில்லை. நடுவே அவளிடம் திரும்பினார்: "அந்த மூச்சு எங்கம்மா? கேக்கவேயில்லையே!"

"கடைசி செட்டிங் ஒண்ணு பாக்கிங்க ஐயா. உங்க விரலை உதட்டு மேல வெச்சு அழுத்துங்க. எடுத்தா போச்சு."

அழுத்தினார். அவள் பாட்டை முதலிலிருந்து போட்டாள்.

பக்கத்தில் யாரோ மெல்ல மூச்சிழுத்தார்கள். எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள், அங்கே ஆளே இல்லை, ஸ்பீக்கர்தான் இருந்தது. பிறகு குழலோசை எழுந்தது. பாட்டு முடிந்தும் முதலாளி விரலை எடுக்கவில்லை, கண் கலங்கியிருந்தது.

அவர் மனைவி தஸ்லிமாவின் காதில் கிசுகிசுத்தார்: "கண்ணு, அந்த செட்டிங்கை அப்படியே விட்டுட்டுப் போயிரு!"