ஒரே மாதிரி ஈரம்

இந்தக் கதையில் சீடருக்குக் குருவைவிட இருபத்தைந்து வயது கூட. அதோடு, குருவுக்குப் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்தவரும் இதே சீடர்தான். அதனால் அவர் குருவை "ஏல குருவே" என்றுதான் கூப்பிடுவார். குருவும் எழுந்து நின்று "சொல்லுங்க சார்" என்பார். இதில் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

குருவின் பெயர் இசக்கிமுத்து. பாளையங்கோட்டையில் வீடு கட்டித் தருகிற இன்ஜினியர். அது வயிற்றுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் எறும்புகளுக்கு வீடு கட்டுவார். அது மனசுக்கு. எறும்புகள் வாஸ்து கேட்பதில்லை. கட்டி முடித்த பிறகு சுவரை இடிக்கச் சொல்வதுமில்லை, வேண்டுமென்றால் தாங்களே இடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள் ஊரில் யாருமில்லை என்பார். சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு உண்டு என்பதால் பேச்சும் அளவாகத்தான் வரும்.

எறும்பு வளர்க்க அவரிடம் கற்றுக்கொள்கிற சீடர் அருமைநாயகம் சார். ஓய்வு பெற்ற பிறகும் கழுத்தில் விசில் தொங்கும். எறும்புகளுக்கு விசில் கேட்பதில்லை என்பது அவருக்கு ஒரு மனத்தாங்கல்.

போன கோடையில் அவர் வளர்த்த முதல் எறும்புக் கூட்டம் தண்ணீர் போதாமல் செத்துப்போனது. செம்பருத்திச் செடியடியில் புதைத்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "சொந்தத்துல சாவு விழுந்தாக்கூட இப்படி இருந்ததில்ல" என்று அவர் மனைவி எஸ்தர் டீச்சர் ஊரெல்லாம் சொன்னார்.

இந்த வருஷம் முதல் மழையில் வாசலில் ஒரு ராணி எறும்பு இறங்கியது. சிறகை உதிர்த்துவிட்டு நின்றதை சார் தன் கையால் எடுத்தார். தானியம் சேர்க்கிற ஜாதி. குரு அவளுக்கு ஒரு வீடு செய்து கொடுத்தார். விரல் தடிமன் இடைவெளியில் இரண்டு கண்ணாடி. நடுவில் செம்மண்ணும் மணலும் கொஞ்சம் களிமண்ணும் கலந்து நிரப்பியது. மேலே இரை தேடி உலாவ ஒரு சின்ன முற்றம். ராணி முட்டையிட்டாள். வேலைக்காரிகள் பிறந்தார்கள். மண்ணுக்குள் அறை அறையாகத் தோண்டினார்கள். சார் தெருவில் போகிறவர்களையெல்லாம் உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. மழை கொட்டிக்கொண்டிருந்தது. குருவின் வாசலில் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. கேரியரில் எறும்பு வீடு. அதற்கு மழைக்கோட்டு போட்டுப் பொத்தான் எல்லாம் மாட்டியிருந்தது. ஓட்டி வந்தவர் தலையிலிருந்து கால் வரை சொட்டச் சொட்ட நின்றார்.

"ஏல குருவே! ராணி போயிருவா போலிருக்கு!"

குரு எழுந்து நின்றார். "உள்ள வாங்க சார்."

மழைக்கோட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. முற்றத்தில் முளைவிட்ட கம்பு குவிந்து கிடந்தது. வேலைக்காரிகள் முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டு முற்றத்தின் மூலையில் ஏறி நின்றார்கள். அவர்கள் நடுவில் ராணி, போக இடமில்லாமல்.

"போட்ட கம்பையெல்லாம் வெளிய தூக்கி வீசுதாக. வீட்ட விட்டே வெளிய வந்துட்டாக. நான் என்னல குறை வச்சேன்?"

"தண்ணி எப்படி ஊத்துனீங்க?"

சார் நிமிர்ந்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது.

"அதுல ஒரு குறை சொல்ல முடியாது. ஒருவாட்டி காயவிட்டுக் கொன்னவன் நான். இந்தவாட்டி அந்த மூலையில இருந்து இந்த மூலை வரைக்கும் ஸ்பிரேயர் வச்சு ஒண்ணுபோல அடிக்கேன். ஒரு இடம் கூட, ஒரு இடம் குறைச்சல்னு கிடையாது. மில் முதலாளி மவன் வந்தாலும் சரி, தோட்டி மவன் வந்தாலும் சரி, கிரவுண்ட்ல எல்லாரும் ஒரே ரவுண்டுதான் ஓடணும்னு நின்னவன்லா நான்? ஓரவஞ்சனை நமக்குப் பிடிக்காது."

குரு தலையாட்டினார்.

"இப்போ சொல்லு. இன்னும் எவ்வளவு ஊத்தணும்?"

"முதல்ல நீங்க தலையைத் துவட்டுங்க சார்."

உள்ளே போய் ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தார். சார் அதைத் தலையில் வைத்தார். எடுத்தார். பிழிந்தார். தண்ணீர் ஒழுகியது.

"ஏல, இது ஈரத் துண்டு."

"ஆமா சார். இந்தாங்க, மாத்துக்கு வேட்டி."

வேட்டியும் ஈரம்.

"உக்காருங்க சார்." மழையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை அப்படியே இழுத்துப் போட்டார். சார் அவசரத்தில் உட்கார்ந்தே விட்டார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்.

"ஏலே! கிறுக்குப் பிடிச்சிருக்கா? காய்ஞ்சது ஒண்ணுகூடவா இந்த வீட்டுல இல்ல?"

"உங்களுக்குத் தண்ணி வேண்டாமா சார்?"

"குடிக்க வேணும்ல! துவட்டக் காய்ஞ்ச துண்டுல்லா வேணும்!"

"துண்டுக்கும் வேட்டிக்கும் நாற்காலிக்கும் ஒண்ணுபோலதான் தண்ணி அடிச்சேன் சார். ஒரு இடம் கூட, ஒரு இடம் குறைச்சல்னு கிடையாது."

சார் கையில் பிழிந்த துண்டோடு எறும்பு வீட்டைப் பார்த்தார். முளைவிட்ட கம்பைப் பார்த்தார். அப்புறம் தும்மினார்.

குரு ஓடிப்போய்க் காய்ந்த துண்டும் வேட்டியும் சுக்குக் காப்பியும் கொண்டுவந்தார்.

சார் காப்பி குடிக்கிற நேரத்தில் குரு எறும்பு வீட்டின் ஒரு பக்கத்துக்கு மரத்துண்டு முட்டுக் கொடுத்துச் சாய்த்தார். தண்ணீர் தாழ்ந்த ஓரத்துக்கு இறங்கியது. அந்த ஓரத்தில் மெல்லிய குழாய் ஒன்றை அடிவரை செருகி, தேங்கியதை ஊசி போடுகிற சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தார். பூஞ்சையை வழித்தார்.

"இனி இந்தக் குழாய் வழியாத்தான் தண்ணி. அதுவும் இங்க காயுதுன்னு தெரிஞ்சா மட்டும். அந்தக் கோடிப் பக்கம் உங்க கை போகக் கூடாது."

சாருக்கு முகம் சுண்டிவிட்டது. "அப்போ அந்தக் கோடியில இருக்கவுக? காய்ஞ்சு சாகவா?"

"அவுககிட்டயே கேளுங்க சார்."

"ராணி?"

"அவகிட்டயும்."

அடுத்த நாட்கள் சாருக்குப் பெரும்பாடு. காய்ந்த கோடியைப் பார்க்கும்போதெல்லாம் கை தன்னால் ஸ்பிரேயரைத் தேடியது. எஸ்தர் டீச்சர் பார்த்தார். ஸ்பிரேயரைப் பிடுங்கித் துணி தேய்க்க வைத்துக்கொண்டார். சார் வாசலுக்கும் எறும்பு வீட்டுக்கும் நடந்தபடி இருந்தார். ராணியும் வேலைக்காரிகளும் இன்னும் முற்றத்து மூலையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு காலையில் முற்றம் காலியாக இருந்தது.

சார் பதறிப்போய் ஃபோன் போட்டார். குரு வந்து சேர்கிறபோது தெருமுனையிலேயே விசில் சத்தம் கேட்டது. தொடர்ந்து கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து, "யாரு செத்தா, யாரு ஜெயிச்சா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"ஏல குருவே! இங்க வா! முட்டி போடு!"

குரு முட்டி போட்டார். சார் டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி வைத்திருந்தார், எறும்புக்குக் கண் கூசக் கூடாதென்று.

"பாரு. குழாய்ப் பக்கம் நல்ல ஈரம். முட்டையெல்லாம் அங்க வச்சிருக்காக. நடுவுல பாரு, கூட்டுப்புழு. அதுக்கு அவ்வளவு ஈரம் ஆகாது போல. அந்தக் காய்ஞ்ச கோடி இருக்கே, நான் சாகடிச்சிருவேன்னு பயந்தேன்லா, அதுல என்ன வச்சிருக்காக தெரியுமா? கம்பு! ஒண்ணுகூட முளைக்கல. தூக்கி வீசினாகளே, அதே ஜாதிக் கம்புதான். புதுசாப் போட்டேன், அத்தனையும் உள்ள கொண்டு போய் அடுக்கிட்டாக!"

"ராணி எங்க சார்?"

சார் டார்ச்சை மெல்ல நகர்த்தினார். ஈரமான பக்கத்துக்கும் காய்ந்த பக்கத்துக்கும் நடுவில் ஒரு சின்ன அறை. அதில் ராணி. அவள் அடியில் இப்போதுதான் இட்ட முட்டைகள். சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க ஒருதரம் விசில் ஊதினார். அறைக்குள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒரே ஒரு சந்தேகம் குருவே. ஈரம் எது வரைக்கும், காய்ஞ்ச இடம் எது வரைக்கும்? கண்ணாடியில ஒரு கோடு போட்டுக் குடுத்திரு. நான் கோட்டைத் தாண்ட மாட்டேன்."

"கோட்டை அவுக போட்டுட்டாகளே சார்."

சார் பெரிதாகச் சிரித்தார். எஸ்தர் டீச்சர் இரண்டு பேருக்கும் அதிரசம் கொண்டுவந்து வைத்தார். ஒரு துணுக்கை எடுத்து எறும்பு முற்றத்தில் போட்டுவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதிரசத்தைக் கடித்தபடியே சார் யோசனையில் விழுந்தார்.

"எவ்வளவு வருசம் கிரவுண்ட்ல நின்னுருக்கேன். அத்தனை பயலையும் ஒண்ணுபோலத்தான் ஓடவிட்டேன். அவனவனுக்கு எது வேணும்னு பாக்கணும்னு எனக்கு ஒருத்தனும் சொல்லித் தரல. இதெல்லாம் நீ யாருகிட்டல படிச்ச?"

குரு எழுந்து நின்றார். சட்டைப் பையில் இழுப்புக்கான மருந்துக் குழல் இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"நான் ஒருநாளும் ஓடலியே சார். எல்லாரும் ஓடும்போது என்னைப் புங்க மரத்து நிழல்ல உக்காரவச்சு, உங்க விசிலைக் கழத்தி என் கழுத்துல போட்டுட்டுப் போவீங்க. அங்க படிச்சேன்."