அவிழ்ந்த சும்மாடு

"மாஸ்டர், பப்பாளி என்னைக் கவுத்திருச்சு!"

அருளப்பன் கரண்டியும் கையுமாக ஓடிவந்தார். அம்பது வயசுக்கு மேல் லாரியை விட்டுவிட்டு, ரஹ்மத்பீவியின் பிரியாணிக் கொட்டகையில் தொழில் பழக வந்த மனுஷன். ரஹ்மத்பீவி அவரைவிட ரொம்ப இளையவள். இருந்தாலும் அடுப்புக்கு முன்னால் அவள்தான் அவருக்கு மாஸ்டர்; அவள் வைத்ததுதான் சட்டம்.

நாளைக்கு அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். "சமையலுக்கு வெளியாள் எதுக்கு? நானே போடுறேன்" என்று சம்பந்தி வீட்டில் சவடாலாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். சம்பந்தியம்மாளுக்கோ பொய்ப்பல். இன்றைக்கு ஒத்திகை பார்த்த கறி செருப்புத்தோலாக இழுத்தது. மானம் கப்பலேறுவதற்குள் மாஸ்டரிடம் ஓடிவந்துவிட்டார்.

"முத்தின ஆடுதான். ஆனா நீங்க சொன்ன மாதிரி பப்பாளிக்காயைத் தடவி ஊற வச்சேனே! கறி அசையலையே!"

"காயை என்ன பண்ணுனீங்க அண்ணே?"

"வேக வச்சு அரைச்சேன். பச்சையாப் போட்டா மிக்ஸி மக்கர் பண்ணுது. வெந்ததும் வெண்ணெய் கணக்கா அரைபட்டுச்சு."

ரஹ்மத்பீவி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அருளப்பனுக்குச் சுருக்கென்றது.

"குழாயடியில குடம் இருக்கு. அந்த அண்டாவை நிரப்புங்க."

"நான் கறியைப் பத்திக் கேட்டா..."

"நிரப்புங்க அண்ணே."

முணுமுணுத்துக்கொண்டே போனார். தோள்துண்டைச் சுருட்டி, சும்மாடு கூட்டித் தலையில் வைத்தார். குடம் கச்சிதமாக உட்கார்ந்தது. கொண்டுவந்து ஊற்றினார். அடுத்த குடமும் அதே சும்மாட்டில்தான் வந்தது.

அதற்கடுத்த குடத்துக்குக் குனிந்தபோது ரஹ்மத்பீவி வந்து சும்மாட்டை உருவினாள். உதறி, துண்டை அப்படியே விரித்து அவர் தலையில் போட்டாள்.

"இப்போ தூக்குங்க."

தூக்கினார். ஒரு எட்டு வைப்பதற்குள் குடம் சரிந்து, தண்ணீர் மொத்தமும் அவர்மேல்தான். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"துண்டு கிழிஞ்சுதா அண்ணே?"

"இல்லே."

"நூலு ஏதும் குறைஞ்சுதா?"

"அதெல்லாம் அப்படியே இருக்கு மாஸ்டர். சுருட்டுதான் போச்சு."

"பப்பாளிப் பாலில் இருக்கிற நொதியும் நீள இழைதான். மடிஞ்சு சுருண்டு இருக்கிற வரைக்கும்தான் கறியோட இழையைப் பிடிச்சு நறுக்கும்."

சொட்டச் சொட்ட நின்ற அருளப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அட கிரகமே! நான் அதை வேக வச்சு அவுத்து விட்டுட்டேனே!"

ஓடினார். பெரிய பப்பாளிக்காயாகப் பார்த்து எடுத்தார். பச்சையாகவே துருவ உட்கார்ந்தவர், நாளைப் பந்திக்கு வெட்டி வைத்திருந்த கறிக்குவியலை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி சந்தேகம் வந்துவிட்டது.

"இம்புட்டுக் கறிக்கு இது ஒண்ணு பத்துமா மாஸ்டர்?"

"முதல் குடத்தை இறக்கினதும் சும்மாட்டைத் தூக்கியா எறிஞ்சீங்க?"

"அப்போ ஒரே நொதியே அடுத்தடுத்த இழையையும் நறுக்கிட்டே போகும்!" என்றார் அருளப்பன். காயில் ஒரு கீற்று மட்டும் அரிந்துகொண்டு, மிச்சத்தைக் கூடையில் திருப்பிப் போட்டார்.

மறுநாள் பந்தியில் சம்பந்தியம்மாள் கறித்துண்டை வாயில் போட்டாள். அருளப்பன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மென்றாள். விழுங்கினாள். இலையை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினாள்.

"பஞ்சா இருக்கே அண்ணே! அப்படி என்னத்தைப் போட்டீங்க?"

அருளப்பன் கை தானாக உச்சந்தலையைத் தடவியது.

"சும்மாடு" என்றார்.