எதிரே வரும்போது

பல்லடத்துக்குக் கிழக்கே ஒரு குளம் இருக்கிறது. பெயர்தான் குளம்; தண்ணீர் வந்து ஏழு வருடமாகிறது. மாதத்தின் முதல் ஞாயிறு அந்தக் கட்டாந்தரையில் பேட்டரி விமானம் விடுகிறவர்கள் கூடுவார்கள். பல் டாக்டர், நூல் கடைக்காரர், பேங்க் அம்மா என்று எல்லாத் தினுசும் உண்டு. எல்லோருமே ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து வானத்தைப் பார்ப்பதால், அங்கே யார் பெரிய மனுஷர் என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

அங்கே குரு, ஜெசிந்தா. வயது இருபத்தொன்பது. மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார்.

சிஷ்யர், நாச்சிமுத்து. வயது அறுபத்தொன்று. முப்பத்துமூன்று வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஜெசிந்தாவை அவர் "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்.

அன்றைக்கும் அவருடைய தெர்மாகோல் விமானம் அழகாகத்தான் கிளம்பியது. தூரம் போகும்வரை ஒரு குறையும் இல்லை. திரும்பி அவரைப் பார்த்து வந்தபோது ஒரு இறக்கை லேசாகத் தாழ்ந்தது. நாச்சிமுத்து ரிமோட்டின் குச்சியைத் தள்ளினார். தாழ்ந்தது இன்னும் தாழ்ந்து, விமானம் தலைகுப்புற வேலிக்கருவேலம் புதரில் போய் விழுந்தது.

மூக்கு உடைவது இது ஐந்தாவது தடவை. முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு எடுத்து வந்தார்.

"மாஸ்டர், ஒரு சந்தேகமுங்க."

"கேளுங்க."

"போகும்போது சரியாத்தானே போகுது. என்னைப் பாத்து வரும்போது மட்டும் கை ஏனுங்க மாத்தி ஒடிக்குது?"

"நீங்க எங்க இருந்து ஓட்டறீங்க?"

"இங்கதான், உங்க பக்கத்துல நிக்கறனுங்களே."

"இல்லைங்க. நீங்க இன்னும் டிரைவர் சீட்டுலயே உக்காந்திருக்கீங்க. உள்ள இருந்தா வலது வலதுதான். அதுவே எதிர வந்தா, அதோட வலது உங்களுக்கு இடது."

"அது புரியுதுங்க. கணக்குப் போட்டு முடிக்கறதுக்குள்ள விழுந்துடுதே."

ஜெசிந்தா மூக்குக்குப் பசை தடவினார். நாச்சிமுத்து கையில் தைத்த முள்ளைப் பிடுங்கினார். பிறகு தானாகவே சொன்னார்.

"என் வாயும் இதே மாதிரிதானுங்க மாஸ்டர்."

"என்ன ஆச்சு?"

"பொண்ணு தானே பாத்துக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. நாலு வருஷம் ஆச்சு. மொதல் தடவை வந்தப்ப 'வா கண்ணு'ன்னு சொல்லணும்னுதான் எந்திரிச்சேன். 'இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?'ன்னு வந்துடுச்சு. அடுத்தது, நாலு மாச வயித்தோட வந்தா. 'உக்காரு'ன்னு சொல்ல நெனச்சு, 'எப்பக் கிளம்பற?'ன்னேன். ரெண்டு தடவையும் கேட்டோட திரும்பிட்டா. இன்னிக்கு வர்றா. மூணாவது தடவையும் திரும்பிட்டா, அப்புறம் வரமாட்டாளுங்க."

"இன்னிக்கா? வீட்டுக்கா?"

"இங்கதான் வரச் சொன்னேன். வீட்டுல கேட்டைப் பாத்தாலே எனக்குப் பயமா இருக்குதுங்க."

பசை காயட்டும் என்று ஜெசிந்தா விமானத்தை நிழலில் வைத்தார். விறுவிறுவென்று நாற்பது அடி தள்ளிப் போனார். அங்கே இரண்டு கையையும் இறக்கை மாதிரி விரித்துக்கொண்டு, "ம்ம்ம்ம்" என்று மோட்டார் சத்தம் போட்டபடி நாச்சிமுத்துவை நோக்கி ஓடி வந்தார். பல் டாக்டர் தன் விமானத்தை மறந்துவிட்டு இங்கே பார்த்தார்.

பக்கத்தில் வந்ததும் ஜெசிந்தா ஒரு காலைத் தூக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தார். விளையாட்டில்லை, நிஜமாகவே விழப்போனார். நாச்சிமுத்து பதறிப்போய், சாய்ந்த தோளுக்கடியில் கையைக் கொடுத்துத் தாங்கினார்.

"பாத்துங்க மாஸ்டர்!"

"கணக்குப் போட்டீங்களா?"

"விழப்போறீங்க, கணக்கு எங்க போடறது?"

"எந்தக் கையைக் கொடுத்தீங்க?"

அவர் தன் கையைப் பார்த்தார். "இடதுங்க. அப்படின்னா உங்களுக்கு அது வலது... எனக்கு..."

"கணக்கை விடுங்க. எதிர வரும்போது எந்தப் பக்கம் தாழுதோ, அந்தப் பக்கம் குச்சியைக் கொடுங்க. இப்பத் தாங்கினீங்களே, அதே மாதிரி."

பசை காய்ந்தது. விமானம் மறுபடி கிளம்பியது. தூரம் போய்த் திரும்பியது. பாதி வழியில் ரிமோட் பீப் பீப் என்றது. பேட்டரி தீரப்போகிறது, இறக்கியாக வேண்டும். எப்போதும் இந்த இடத்தில் நாச்சிமுத்து ரிமோட்டை மாஸ்டரிடம் நீட்டிவிடுவார். இன்றைக்கும் நீட்டினார். ஜெசிந்தா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

விமானம் நேரே அவரைப் பார்த்து வந்தது. இடது பக்கம் தாழ்ந்தது. இடது பக்கம் குச்சியைக் கொடுத்தார். எழுந்தது. வலது பக்கம் தாழ்ந்தது. கொடுத்தார். எழுந்தது. வயிற்றைப் புழுதியில் தேய்த்துக்கொண்டு வந்து, செருப்புக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. மூக்கு அப்படியே இருந்தது.

பல் டாக்டர் கைதட்டினார். நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அப்போது குளத்தங்கரை மேல் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஒரு பெண் இறங்கினாள். கரையிறங்கி, மெதுவாக இந்தப் பக்கம் நடந்து வந்தாள். பாதி தூரத்தில் தயங்கி நின்றாள்.

"சுகந்திங்க, மாஸ்டர்" என்றார் நாச்சிமுத்து. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். "ஒரு வாரமா எழுதுனேன். நானாப் பேசினா மாத்தித்தான் வரும். இது சரியா இருக்குதான்னு ஒரு தடவை பாருங்க."

ஜெசிந்தா தாளை வாங்கவில்லை.

"எதிர வர்றாங்களே. எந்தப் பக்கம் தாழுது, அதைப் பாருங்க."

நாச்சிமுத்து தலை நிமிர்ந்து பார்த்தார். சுகந்தியின் இடது தோளில் ஒரு குழந்தை நல்ல தூக்கத்தில் இருந்தது. அந்தக் கனத்தில் அவள் உடம்பே அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது.

தாளையும் ரிமோட்டையும் மாஸ்டர் கையில் கொடுத்தார். வலது கையை இங்கிருந்தே நீட்டிக்கொண்டு நடந்தார். வாயைத் திறக்கவில்லை.