ஆயாவின் சேலை

ஜமீன் மாளிகையில் எல்லாம் இருந்தது. ராணி கோமளவல்லிக்கு நிம்மதி மட்டும் இல்லை. ஆயா பூங்காவனம் காலை நீட்டி, பாதத்தில் உட்காரவைத்து "ஸ்ஸ்ஸ்" என்றால்தான் ராணியின் பிள்ளை ஒன்றுக்குப் போவான். ராணி உட்காரவைத்தால் ஓடிப்போய்க் கம்பளத்தை நனைப்பான்.

"என்னடி சொக்குப்பொடி போட்டே என் பிள்ளைக்கு? இன்னிக்கு என் ஓரகத்தி வர்றா. அவ பார்க்க அவன் என்கிட்டதான் போகணும். இல்லேன்னா உனக்கு இங்கே வேலையில்லை!"

"உங்க பட்டுச்சேலை ஜரிகை குத்துதுங்கம்மா. என் பழைய சேலையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க, போவாரு."

பொறாமை யாரைத்தான் விட்டது? சாயம்போன கண்டாங்கியைக் கட்டி, வாசலுக்கு முதுகைக் காட்டி, ராணி முற்றத்தில் காலை நீட்டினாள். பையன் முந்தானையை முகர்ந்தான், சமர்த்தாக உட்கார்ந்தான், போயும்விட்டான்.

அப்போதுதான் ஓரகத்தி உள்ளே வந்தாள். தன் பிள்ளை இப்படிச் சமர்த்தாகப் போவதில்லையே என்று வயிறு எரிந்தது. அந்த முதுகின் பின்னால் குனிந்து கிசுகிசுத்தாள்:

"ஏ ஆயா, கெட்டிக்காரிடி நீ! அந்தச் சிடுமூஞ்சிகிட்ட ஏன் கிடந்து சாகறே? என் வீட்டுக்கு வந்துடு."

காலில் பிள்ளை. ராணியால் எழவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை.

கதவோரம் நின்ற பூங்காவனம் ராணியைப் பார்த்துக் கைகூப்பினாள்:

"போயிடாதீங்கம்மா! பிள்ளை ஏங்கிப்போயிடும்."