கதவு மூடியபோது வெளியே நின்றவர்

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நாடாளுமன்ற வாக்கெடுப்பு என்றால், புதிதாக ஒன்றைச் செய்யலாம் என்பவர்கள் எழுந்து முன்கூடத்துக்குப் போக வேண்டும். வேண்டாம் என்பவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். பிறகு கதவு மூடப்படும். அந்த நொடியில் யார் எந்தப் பக்கமோ, அவர் வாக்கும் அந்தப் பக்கம். உள்ளே இருப்பவர்களை எண்ணி முடித்ததும் கதவைத் திறந்து, வெளியே போனவர்கள் திரும்பி நுழையும்போது தலை எண்ணுவார்கள். இதில் ஒரு சங்கடமும் உண்டு. பெஞ்சுகள் குறைவு, உறுப்பினர்கள் அதிகம். எழுந்து போனவர் இடம் போனது போனதுதான். சோம்பேறிகள் எல்லோரும் மறுப்புப் பக்கம் என்று கேலி பேசிக்கொள்வார்கள்.

அன்றைய வாக்கெடுப்பு ஈலியஸ் கிராப் என்ற அச்சுக்காரனைப் பற்றியது. உறுப்பினர்கள் சபைக்குள் பேசியதை அச்சடித்துத் தெருவில் விற்றான் என்று சபையே அவனைச் சிறையில் போட்டிருந்தது. இப்போது அவனுக்குச் சிறைக் காய்ச்சல். மறுநாளிலிருந்து சபைக்கு நீண்ட விடுமுறை. இன்று விட்டால்தான் பிழைப்பான். அவனை விடலாம் என்பவர்கள் வெளியே போக வேண்டும்.

விடக்கூடாது என்றவர்களில் ஒருவர் ஹ்யூ மார்ஸ்டன். கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். சபைக்குள் பேசிய பேச்சுக்காக யாரையும் பிடிக்கக்கூடாது என்பது பழைய வழக்கம். அவருடைய அண்ணன் சபையில் பேசிய பேச்சு இப்படித்தான் அச்சாகி வெளியே கசிந்தது. வழக்கத்தை மீறி அரசரின் ஆட்கள் வந்து அண்ணனைக் கூட்டிப்போனார்கள். சவப்பெட்டியில்தான் வீடு வந்து சேர்ந்தார். அச்சுக்காரர்கள் என்றாலே ஹ்யூவுக்கு அந்தப் பெட்டி நினைவுக்கு வரும். அன்று மறுப்புப் பக்கத்தின் சார்பில் தலை எண்ணும் பொறுப்பு அவருடையது. மறுதரப்புக்கும் ஓர் எண்ணுநர் உண்டு. இருவரும் ஒத்துக்கொண்டால்தான் கணக்கு.

ரோஜர் டன்வில்லும் மறுப்புப் பக்கம்தான். அவருக்குத் திக்குவாய். கிராப் அவர் பேச்சை அச்சிட்டபோது திக்கலையும் விடாமல் எழுத்துக் கோத்திருந்தான். மதுக்கடைகளில் அதை உரக்கப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "அ... அவன் அங்கேயே கி... கிடக்கட்டும்" என்று அன்று காலையில்கூட ஹ்யூவிடம் சொல்லியிருந்தார்.

ரோஜருக்குப் பக்கத்து இடம் சர் அம்புரோஸ் பெல்லிங்குடையது. வயதானவர், வாதத்தால் வீங்கிய காலில் துணிக்கட்டு. கைதிக்காகத் தொண்டை கட்டும்வரை வாதாடியவர். வாக்கெடுப்பு என்றதும் தன் நண்பர்களிடம், "நீங்கள் முன்னால் போங்கள், நான் தடியை ஊன்றி வந்துவிடுகிறேன்" என்றார். அவர்களும் போய்விட்டார்கள். எழுந்து பார்த்தார். கால் தாங்கவில்லை, பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டால் வருவதற்கு வேலையாட்களும் இல்லை, அவர்கள் உள்ளே நுழையக்கூடாது. மிச்சம் இருந்த அத்தனை பேரும் எதிர்த்தரப்பு.

"பரவாயில்லை, சர் அம்புரோஸ்! நீங்கள் வராவிட்டாலும் உங்கள் கால் எங்கள் பக்கம் வந்துவிட்டது" என்றார் ஒருவர். பெஞ்செல்லாம் சிரிப்பு.

ரோஜர் சிரிக்கவில்லை. ஊர் சிரிப்பது எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். குனிந்து, கிழவரை முதுகில் ஏற்றிக்கொண்டு வெளியே நடந்தார்.

கதவருகே நின்ற ஹ்யூ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். முன்கூடத்தில் கிழவரை இறக்கி உட்காரவைத்தபோது கால்கட்டு அவிழ்ந்துவிட்டது. ரோஜர் மண்டியிட்டு அதைச் சுற்றத் தொடங்கினார்.

"டன்வில் ஐயா, வருவதானால் வாருங்கள். மூடப் போகிறேன்" என்று குரல் கொடுத்தார் வாயிற்காவலர்.

"இ... இதோ" என்றார் ரோஜர். ஆனால் எழுந்திருக்கவில்லை. கால்கட்டை முடிந்துவிட்டு நிமிர்ந்தபோது கதவு மூடியிருந்தது.

எண்ணி முடித்துக் கதவைத் திறந்தார்கள். வெளியே போனவர்கள் ஒவ்வொருவராக நுழைந்தார்கள். கடைசியாக ரோஜர், முதுகில் கிழவர். அதற்குள் ஹ்யூவுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. ரோஜரை மறுப்பில் சேர்த்தால் இரு பக்கமும் சமம். சமமானால் முடிவு சபாநாயகர் கையில். அவர் கிராப்பை விடவே மாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். ரோஜரை வெளியே நின்றவராக எண்ணினால் கிராப் வீட்டுக்குப் போவான்.

"நா... நான் மறுப்பு" என்றார் ரோஜர். "இவரைத் தூ... தூக்கி வந்தேன். அவ்வளவுதான்."

மறுதரப்பு எண்ணுநர் தர்மசங்கடத்தோடு கூரையைப் பார்த்தார். பதில் முதுகிலிருந்து வந்தது.

"அவர் சொல்வது நிஜம். இன்றைக்கு அவர் என் குதிரை. குதிரைக்கு ஏதப்பா வாக்கு? அவரை அவர் பக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்." வேடிக்கையாகத்தான் தொடங்கினார் அம்புரோஸ், முடிக்கும்போது அதில் வேடிக்கை இல்லை. கிராப்புக்கு இதனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா?

ஹ்யூ சரியென்று தலையசைத்தால் போதும், அந்த வாக்கு அவர் பக்கம். யாரும் குறை சொல்லப்போவதில்லை. தலை எண்ணக் கையில் வைத்திருந்த கோலை உயர்த்திக் கிழவரின் தோளைத் தொட்டார். பிறகு ரோஜரின் தோளை.

"இவரும் வெளியே, அவரும் வெளியே" என்றார்.

பொழுது சாய்வதற்குள் கிராப் விடுதலையானான்.

எதிராளியின் வாக்கைத் தன் முதுகில் சுமந்தார் ரோஜர். ஜெயிக்கிற நேரத்தில் எதிராளிக்காகச் சாட்சி சொன்னார் அம்புரோஸ். தன் பக்கம் தோற்கும்படி எண்ணினார் ஹ்யூ. இந்த மூவரில் யார் செய்ததைச் சரி என்பீர்கள்?

விடை: ஹ்யூ செய்ததுதான் சரி. அம்புரோஸ் உண்மை பேசினார். ஆனால் அவர் விட்டுக்கொடுக்க முன்வந்தது கிராப்பின் உயிரை. அது அவருடைய பொருள் அல்லவே. ரோஜருக்குக் காவலரின் குரல் கேட்டது, பதிலும் சொன்னார், சொல்லிவிட்டுக் கால்கட்டைத்தான் முடிந்தார். கதவா, கட்டா என்றபோது அவர் தேர்ந்தெடுத்தாயிற்று. ஹ்யூவின் அண்ணனை வழக்கத்தை மீறித்தான் கொண்டுபோனார்கள். தனக்குச் சாதகம் என்பதற்காக இவரும் சபை வழக்கத்தை மீறலாமா? ஆனால் பெரிய மனசு யாருக்கு என்று கேட்டிருந்தால் விடை வேறு. அன்று ரோஜரின் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். கிழவருக்கு மட்டும் ஓர் இடம் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, சபை கலையும்வரை, தோற்றுப்போன ரோஜர் அவருடைய தடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.