இரண்டு வாய்ப் புல்

வெண்குன்றுக் காட்டில் ஆறு குதிரைகள் வாழ்ந்தன. மார்கழி பிறந்தால் அந்தக் காட்டு ஏரி பாறை போல் உறைந்துவிடும். பங்குனியில் பனி இளகியதும் ஏரியைச் சுற்றிக் குதிரைகளுக்குள் பந்தயம் நடக்கும். ஜெயிக்கிற குதிரைக்குத் தெற்குச் சரிவின் பசும்புல் ஓர் ஆண்டு முழுவதும் சொந்தம். மற்றவற்றுக்கு வடக்குச் சரிவின் முள்ளும் கல்லும்தான்.

சிட்டாள் என்ற செவலைக் குதிரை போன பந்தயத்தில் ஒரு மூக்கு நீளத்தில் தோற்றிருந்தது. ஜெயித்தது கரும்பிடரி என்ற குதிரை. 'அவன் காலால் மட்டும் ஜெயிக்கவில்லை, ஏதோ சூது இருக்கிறது!' என்று சிட்டாளுக்கு உள்ளே ஓர் உறுத்தல்.

குதிரைகளைப் பழக்குவது பொதியன் என்ற கோவேறு கழுதையின் வேலை. குளிர்காலம் தொடங்கிய அன்று அது எல்லாக் குதிரைகளையும் கூப்பிட்டுச் சொன்னது.

"முதலில் நடை. பிறகு ஓட்டம். கடைசியில்தான் பாய்ச்சல்! உடம்பு சூடேறாமல் பாய்ந்தால் கால் பிசகும். வியர்வையோடு குளிரில் நின்றால் நெஞ்சில் சளி கட்டும். ஒருநாள்கூடப் பயிற்சியை விடாதீர்கள்!"

பிறகு அது சிட்டாளின் பக்கம் திரும்பியது. "உன் குகை பெரியது. தனியாகப் படுத்தால் விறைத்துப் போவாய். இந்தச் சடைச்சியைத் துணைக்கு வைத்துக்கொள்."

சடைச்சி உடம்பெல்லாம் மயிர் தொங்கும் ஒரு மலையாடு. "நான் ஒரு மூலையில் கிடப்பேன் அக்கா. தொந்தரவே இருக்காது!" என்றது.

ஆறு குதிரைகளில் தனக்கு மட்டும் ஏன் துணை என்று சிட்டாள் யோசித்தது. ஆனாலும் குளிருக்குப் பயந்து சரி என்றது. ஆட்டின் முதுகில் முதுகை ஒட்டிப் படுத்தால் கதகதப்பாகத்தான் இருந்தது. சிட்டாள் நன்றாகத் தூங்கியது. விடிந்ததும் புகை புகையாக மூச்சு விட்டுக்கொண்டு ஓடியது. கால்களில் வலு ஏறியது.

ஒருநாள் பயிற்சி முடிந்து திரும்பியபோது, வடக்குச் சரிவின் முள்ளுக்கிடையே பொறுக்கிக் குகையில் சேர்த்து வைத்திருந்த புல்போரில் ஒரு சிறு பள்ளம் தெரிந்தது.

"சடைச்சி! என் புல்லைத் தின்றாயா?"

"நானா? ஐயோ, இல்லவே இல்லை அக்கா!" என்றது ஆடு. ஆனால் அதன் தாடியில் ஒரு புல் துரும்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து சிட்டாள் கண்கொத்திப் பாம்பாக மாறியது. போரின் மேல் ஒரு சுள்ளியை அடையாளம் வைத்துவிட்டுப் பயிற்சிக்குப் போனது. பாதி ஓட்டத்தில், 'சுள்ளி நகர்ந்திருக்குமோ?' என்று திரும்பி ஓடி வந்தது. வியர்வை சொட்டச் சொட்டக் குகை வாசலில் ஒளிந்து நின்று எட்டிப் பார்த்தது. ஆடு சும்மா அசைபோட்டுக்கொண்டிருந்தது.

'எதை அசைபோடுகிறாள்?' என்று நினைத்தது சிட்டாள். வாடைக்காற்று அதன் ஈர முதுகில் ஊசியாகக் குத்தியது.

இரண்டு நாள் கழித்துப் பொதியன் வந்தது. "ஏன் பாதியில் ஓடிவிடுகிறாய்? இருமல் வேறு கேட்கிறதே! ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?" என்று கேட்டபடி புல்போரை ஒரு பார்வை பார்த்தது.

'புல்லை ஏன் பார்க்கிறார்? இந்த ஆட்டைக் கொண்டுவந்து விட்டவரே இவர்தானே! கரும்பிடரியோடு சேர்ந்து என்னைப் பட்டினி போடப் பார்க்கிறார்களோ?'

அவ்வளவுதான். பொதியன் தலை மறைந்ததும் சிட்டாள் பின்னங்காலைத் தூக்கியது.

"வெளியே போ! உன்னை அனுப்பியவனிடமே போ!"

"என்னை யாரும் அனுப்பவில்லை அக்கா! வெளியே பனி கொட்டுகிறதே!"

"போகிறாயா, உதை வாங்குகிறாயா?"

ஆடு பனியில் தள்ளாடியபடி போனது. அதன் பிறகும் சிட்டாளுக்கு நிம்மதி வரவில்லை. ஆடு திரும்பி வந்து திருடினால்? போர் முழுவதையும் வாயால் கவ்விக் கவ்விக் குகையின் கோடிக்குக் கொண்டுபோய், ஒரு பாறைக்குப் பின்னால் ஒளித்தது. அங்கே கூரையிலிருந்து நீர் கசிவதை அது கவனிக்கவில்லை. கவனமெல்லாம் வாசலில்தான் இருந்தது.

காவலுக்கு ஆள் இல்லையென்று பயிற்சிக்குப் போவதையும் நிறுத்தியது. இருமினால் தூக்கம் கலைந்தது. தூங்கினால் பயம் எழுப்பியது. தை முடிவதற்குள் புல்லெல்லாம் பூஞ்சணம் பூத்துக் கறுத்துப் போனது. அதைத் தின்று வயிறு உப்பியது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது.

பங்குனி வந்தது. ஆறு குதிரைகளும் ஏரிக்கரையில் வரிசையாக நின்றன. பொதியன் தரையில் ஓங்கி உதைத்ததும் எல்லாம் பாய்ந்தன!

சிட்டாள் கால்வாசி தூரம் முன்னால்தான் ஓடியது. பிறகு இருமல் வந்தது. முட்டி மடங்கியது. ஒவ்வொரு குதிரையாக அதைக் கடந்து போனது. கரும்பிடரி கடைசிவரை மூச்சு வாங்காமல் ஓடி எல்லையைத் தொட்டது. சிட்டாள் நடந்தே வந்து சேர்ந்தது, ஆறாவதாக.

கரையில் சடைச்சி நின்றிருந்தது. நன்றாகக் கொழுத்திருந்தது.

"இப்போதாவது உண்மையைச் சொல்! என் புல்லைத் தின்றது நீதானே?" என்றது சிட்டாள், மூச்சிரைக்க.

ஆடு தலையைக் குனிந்தது. "ஆமாம் அக்கா. நாளுக்கு இரண்டு வாய். பசி தாங்கவில்லை. கேட்டால் விரட்டிவிடுவீர்கள் என்று பயந்து பொய் சொன்னேன். தப்புத்தான்."

"பார்த்தாயா! என் சந்தேகம் சரிதான்!"

"சரிதான் அக்கா."

"இத்தனை நாள் எங்கே இருந்தாய்?"

"கரும்பிடரி அண்ணன் குகையில். அங்கேயும் தின்றேன். இரண்டாம் நாளே பிடிபட்டேன்."

"அவன் உன்னை உதைக்கவில்லையா?"

"இல்லை. 'நீ படுத்தால் என் முதுகு விறைக்காமல் இருக்கிறது; நாளுக்கு இரண்டு வாய்தானே, கேட்டுத் தின்னு' என்று சொல்லிவிட்டு ஓடப் போய்விட்டார்."

கரும்பிடரி தெற்குச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தது. ஆடும் அதன் பின்னால் ஓடியது. சிட்டாள் இருமிக்கொண்டே வடக்குச் சரிவின் முள்ளுக்குள் தனியாக நடந்தது.

திருடன் எடுப்பது ஒரு பிடிதான். அதைக் காக்கிறேன் என்று வரும் சந்தேகமோ, இருப்பதையெல்லாம் அழித்துவிட்டே ஓயும்.