ஆரத்தி கரைக்கத் தெரியாத சபை

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் மனிதனின் மானம் ஒரு கிண்ணம் மஞ்சள் தண்ணீருக்கு விலை போனது. பேரம்கூட இல்லை.

அந்த நாட்டு ராஜாவின் முத்து மோதிரம் காணாமல் போயிற்று. பொழுது சாய்வதற்குள் திருடன் வந்தாக வேண்டும் என்று ராஜா பிடிவாதம் பிடித்தார். ஆஸ்தான சோதிடர் தருமலிங்கப் பண்டிதர் மஞ்சள் கரைத்த நீரை மந்திரித்துச் சபையில் வைத்தார். கை நனைத்தால் திருடன் கை சிவக்கும் என்றார். அரண்மனைச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த வீரணனைத்தான் முதலில் கூப்பிட்டார். அவன் சாரத்திலிருந்து இறங்கிய கையோடு வந்து நனைத்தான். தண்ணீர் ரத்தமாய்ச் சிவந்தது.

விகடகவி ஆவுடையப்பருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “மாப்பிள்ளைக்கு மருதாணி நன்றாகப் பிடித்திருக்கிறது. ஊர்வலத்துக்குக் கழுதை பார்க்க வேண்டியதுதான்” என்றார். சபை குலுங்கியது. ராஜா அதையே தீர்ப்பாக்கிவிட்டார்: மறுநாள் காலை கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஊர் சுற்ற வேண்டும். வீரணன் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தபடி காவலரோடு போனான்.

வீட்டில் சாப்பிட்டு எழுந்த ஆவுடையப்பர், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரலை வேட்டியில் துடைத்தார். அங்கே இருந்த மஞ்சள் கறை சிவந்தது. அவர் பதறியதைப் பார்த்து மனைவி கோமளம் சிரித்தாள்.

“மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா செவக்காம பச்சையாவா ஆகும்? ஆரத்தி பின்ன எப்படிக் கரைக்கிறாங்களாம்? உங்க மூஞ்சிக்கு நேரா எத்தனை தரம் சுத்தியிருக்கேன், ஒருநாளாவது தட்டைப் பார்த்திருக்கீங்களா?”

அவர் வெற்றிலையைக் கீழே வைத்தார். சபையில் அத்தனை பேரும் ஆரத்தி எடுத்துக்கொண்டவர்கள்; கரைத்தவர் இல்லை. பண்டிதருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். அது போகட்டும். கடைவீதியில் வளர்ந்த ஆவுடையப்பர், புளியைக்கூட முகர்ந்து பார்க்காமல் வாங்காதவர், ஒரு மனிதனைப் பார்க்காமலே விற்றுவிட்டார். அதற்குப் பிறகு அவரால் கோமளத்தின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

காலையில் கழுதை வாசலில் நின்றது. ராஜா தாம்பூலம் போட்டு முடிக்கும் நேரம் பார்த்து ஆவுடையப்பர் புதிதாகக் கரைத்த மஞ்சள் நீரோடு போனார். விஷத்துக்குப் பயந்து ராஜா தம் வெற்றிலைக்குத் தாமே சுண்ணாம்பு தடவுவது வழக்கம்.

“பிரபு, தண்டனை நிறைவேறுமுன் தங்கள் திருக்கரம் பட்டால் இந்த நீருக்கு வலிமை கூடும்” என்றார்.

ராஜா பெருமையோடு விரல்களை நனைத்தார். நீர் சிவந்தது.

ஆவுடையப்பர் காவலர் பக்கம் திரும்பினார். “ஒரு கழுதைதான் வந்திருக்கிறதா? இன்னொன்று வேண்டுமே. ஆணை ஆணைதான்.”

ராஜாவின் முகம் கிண்ணத்தைவிடச் சிவந்தது. ஆவுடையப்பர் மடியிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பிழிந்தார். சிவப்பு கலைந்து மஞ்சளாயிற்று.

“பண்டிதரின் தெய்வம் ஒரு பழத்துக்குச் சமாதானமாகிவிட்டது, பிரபு. சுண்ணாம்பின் காரத்தைப் புளிப்பு தீர்த்துவிட்டது. கிண்ணத்தில் மிஞ்சியது வெறும் மஞ்சள் தண்ணீர். வீரணன் கையில் இருந்ததும் சுண்ணாம்புதான். அவன் தொழில் அது. அது தெரியாமல் சிரித்தவன் நான்.”

ராஜா தம் விரலைப் பார்த்தார். முதலில் தலை குனிந்தார், பிறகுதான் சிரிப்பு வந்தது, அதுவும் அரைச் சிரிப்பு. பண்டிதர் இனி அந்தப்புரத்தில் ஆரத்தி கரைக்கட்டும் என்று உத்தரவிட்டு, ஆவுடையப்பருக்குப் பொன்னாடை போர்த்தினார்.

விடுதலையான வீரணன் நேரே சாரத்துக்குப் போனான். ஆவுடையப்பர் கீழே நின்று, “தப்பு என்னுதுப்பா” என்றார்.

“பாதிச் சுவரு கெடக்குதுங்க, சாமி” என்றான் அவன், திரும்பாமல்.

வீடு போகும் வழியில் ஆவுடையப்பர் மனதில் கணக்குப் போட்டார். வரவு, பொன்னாடை ஒன்று. செலவு, எலுமிச்சம்பழம் ஒன்று. மோதிரம், நஷ்டம். வீரணனுக்குக் கொடுக்க வேண்டியதற்கு அவருக்கு விலை போடத் தெரியவில்லை. அது பாக்கி.